குவாய் நதிப் பாலம்: படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை யாரிடம் பார்க்கச் சொன்னாலும், பார்த்து முடித்த கையோடு ஏறக்குறைய அதே கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். படத்தின் முடிவையும் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்தின் கதை என்ன?

இரண்டாம் உலகப் போர். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் காட்டுக்குள் ஜப்பானியர் நடத்தும் போர்க் கைதிகள் முகாம். சரணடைந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று, கிழிந்த உடையும் தேய்ந்த பூட்ஸுமாக, விசிலடித்தபடி அணிவகுத்து உள்ளே வருகிறது. அவர்களுடைய தளபதி கர்னல் நிக்கல்சன். முகாம் அதிகாரி கர்னல் சைட்டோ. குறிப்பிட்ட நாளுக்குள் ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் எழும்ப வேண்டும், இல்லையென்றால் சைட்டோவின் உயிருக்கே உத்தரவாதமில்லை. அதனால் அதிகாரிகளும் மண் சுமக்க வேண்டும் என்கிறார். சட்டப்படி முடியாது என்கிறார் நிக்கல்சன். அவரைத் தகரக் கொட்டடியில் அடைத்து வெயிலில் வாட்டுகிறார்கள். ஆள் மசியவில்லை. கடைசியில் சைட்டோதான் இறங்கி வருகிறார்.

உண்மையில் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜெயித்த நிக்கல்சன், தன் ஆட்களின் ஒழுங்கையும் மானத்தையும் காப்பாற்ற எதிரியின் பாலத்தைத் தானே பொறுப்பேற்று, எதிரியே நினைத்துப் பார்க்காத அளவுக்கு நேர்த்தியாகக் கட்டத் தொடங்குகிறார். அதே பாலத்தைத் தகர்க்க இலங்கையிலிருந்து ஒரு சிறு படை கிளம்புகிறது.

இரண்டே முக்கால் மணி நேரப் பழைய படம். இன்றைக்குப் பார்க்க முடியுமா?

161 நிமிடம். முதல் ஒரு மணி நேரம் இரண்டு பிடிவாதக்காரர்களின் மல்லுக்கட்டு. நேரம் போவது தெரியாது. நடுவில் அமெரிக்கக் கைதியாக வரும் வில்லியம் ஹோல்டன் முகாமிலிருந்து தப்பித்து, கொழும்பில் தேறி, மறுபடியும் காட்டுக்குள் நடக்கும் பகுதி கொஞ்சம் இழுக்கும். அந்த இடத்தில் காபி போட்டுக்கொள்ளலாம். கடைசி இருபது நிமிடத்தில் எழுந்திருக்க முடியாது. அகலத் திரைக்காக எடுத்த படம் இது, கைபேசியில் பார்த்துவிட்டு ‘சுமார்’ என்று சொல்லாதீர்கள்.

இது உண்மைக் கதையா?

ரயில் பாதை உண்மை. பாலம் உண்மை. கைதிகள் கட்டியது உண்மை. மற்றதெல்லாம் கற்பனை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவையும் பிடித்துவிட்ட ஜப்பான் அங்கிருந்த தன் படைக்குச் சோறும் குண்டும் அனுப்பியாக வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தொல்லை. ஆகவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, மலையும் காடும் குறுக்கிடும் 415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட முடிவெடுத்தார்கள். 1942-இல் இரு முனைகளிலிருந்தும் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17 அன்று நடுவில் சந்தித்தது. ஆண்டுக் கணக்கில் ஆகவேண்டிய வேலையைப் பதினைந்து பதினாறு மாதத்தில் முடித்ததற்கான விலையை, கட்டியவர்கள் உயிரால் கொடுத்தார்கள். ‘மரண ரயில்’ என்ற பெயர் அதனால் வந்தது.

பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பின்னணியில் 1952-இல் ஒரு நாவல் எழுதினார். அதைத்தான் டேவிட் லீன் படமாக எடுத்தார். பூல் பொறியியல் படித்தவர். போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்னல் நிக்கல்சன் என்று ஒருவர் இருந்தாரா?

அந்த இடத்தில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி. பாலத்தருகே இருந்த தாமர்கான் முகாமில் கைதிகளின் தலைவர். பாலம் கட்டும் வேலை அவர் பொறுப்பில்தான் நடந்தது. இருவருக்கும் ஒற்றுமை அத்தோடு சரி.

டூசி தன் ஆட்களைக் காப்பாற்ற ஜப்பானியருடன் பேசினார், வாதாடினார், அடியும் வாங்கினார். ஆனால் பாலத்தின் மேல் அவருக்கு எந்தக் காதலும் கிடையாது. மரப்பாலத்தின் தூண்களில் கைதிகள் கரையான் பிடித்து விட்டார்கள். கான்கிரீட்டைக் கெட்ட விகிதத்தில் கலந்தார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தே நடந்தது. படம் வெளிவந்தபோது அவரிடம் பணிபுரிந்த பழைய கைதிகள் கொதித்துப் போனார்கள். எங்கள் தளபதியைத் துரோகியாகக் காட்டிவிட்டார்களே என்ற ஆத்திரம். டூசி தன்னைப் பற்றி ஊர் பேசுவதை விரும்பாதவர். 1975-இல் இறந்தார்.

பூல் டூசியைப் பார்த்து நிக்கல்சனைப் படைக்கவில்லை. போர்க்காலத்தில் இந்தோசீனாவில், ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசின் கீழிருந்த தன் நாட்டுப் பிரெஞ்சு அதிகாரிகளிடமே பிடிபட்டுச் சிறைப்பட்டவர் அவர். கடமை, ஒழுங்கு என்ற பெயரில் எதிரிக்கு வேலை செய்யும் மனிதர்களை அங்கேயே கண்டிருப்பார். அந்த அனுபவத்துக்கு ஆங்கிலேயச் சீருடை போட்டுவிட்டார் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சைட்டோ?

சைட்டோ என்ற பெயரில் ஒருவர் தாமர்கானில் உண்மையாகவே இருந்தார். ஆனால் கர்னல் அல்ல, சார்ஜென்ட் மேஜர். முகாமில் இரண்டாம் நிலை அதிகாரி. மற்ற காவலர்களோடு ஒப்பிட்டால் நியாயமானவர் என்று கைதிகளே சொன்னார்கள். போர் முடிந்து குற்ற விசாரணை வந்தபோது டூசி அவருக்காகப் பேசினார். அதன்பின் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1984-இல் சைட்டோ இங்கிலாந்துக்குப் போய் டூசியின் கல்லறைக்கு அஞ்சலி செலுத்தினார். படம் எடுக்க வேண்டிய கதை இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திரையில் சைட்டோவாக வரும் செஸ்ஸூ ஹயகாவா மௌனப்பட காலத்து ஹாலிவுட் நட்சத்திரம். பெண் ரசிகர்கள் மொய்த்த காதல் நாயகன். நிக்கல்சனிடம் தோற்ற இரவில் தனியே உட்கார்ந்து அழுவாரே, அந்தக் காட்சிக்கே துணை நடிகருக்கான ஆஸ்காரைத் தந்திருக்கலாம். பரிந்துரையோடு நின்றுவிட்டது.

அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்ததா?

இருந்தது. 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி, பிடிபட்ட அதிகாரியை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. நிக்கல்சன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் புத்தகம் அதுதான். சைட்டோ அதை வாங்கி அவர் முகத்திலேயே அறைவார். சிக்கல் என்னவென்றால், ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டதே தவிர முறைப்படி ஏற்று உறுதிசெய்யவில்லை. நிஜ முகாம்களில் அதிகாரிகளும் மண் சுமக்க நேர்ந்தது.

ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாதா என்ன?

படத்தின் மிகப் பெரிய புளுகு இதுதான். தப்பான இடத்தில் அடித்தளம் போட்டுச் சொதப்பிக்கொண்டிருந்த ஜப்பானியருக்கு ஆங்கிலேயர் வந்து அளந்து காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறது கதை. நிஜத்தில் ஜப்பானியப் படையில் ரயில் பாதை போடுவதற்கென்றே தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. திட்டம், வரைபடம், அளவை எல்லாம் அவர்களுடைய பொறியாளர்களின் வேலை. கைதிகளிடமிருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டது மூளை அல்ல, முதுகு.

அந்தப் பாதையில் ஓடிய ஜப்பானிய ‘சி56’ வகை நீராவி எஞ்சின்களில் ஒன்று இன்றும் தோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது.

குவாய் நதி எங்கே இருக்கிறது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. படம் வந்த காலத்தில், அந்தப் பாலத்தின் கீழ் அப்படி ஒரு நதி ஓடவில்லை.

பூல் அந்த இடத்துக்குப் போனதில்லை. ரயில் பாதை நெடுந்தூரம் ‘க்வே நொய்’ ஆற்றங்கரையோடு போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் பாலமும் அந்த ஆற்றின் மேல்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார். உண்மையில் பாலம் தாண்டியது ‘மே க்லோங்’ ஆற்றை. படம் உலகமெங்கும் ஓடி, சுற்றுலாப் பயணிகள் பாலம் இருக்கும் காஞ்சனபுரியில் வந்து இறங்கி, “குவாய் நதி எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். தாய்லாந்து அரசு சண்டை போடவில்லை. 1960-இல் மே க்லோங்கின் அந்தப் பகுதிக்கே ‘க்வே யாய்’, அதாவது பெரிய க்வே, என்று பெயர் மாற்றிவிட்டது. கதைக்காக ஆறு பெயர் மாறிய ஊர் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. தாய் மொழியில் ‘க்வே’ என்றால் கிளையாறு. ‘க்வாய்’ என்று இழுத்தால் எருமை. படத்தின் பெயரை ஒரு தாய்லாந்துக்காரர் காதால் கேட்டால் எருமை ஆற்றுப் பாலம்.

நிஜப் பாலத்தை யார் தகர்த்தது?

பாலம் ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒரு மரப்பாலம், அதன் அருகிலேயே இரும்பும் கான்கிரீட்டுமாக இன்னொன்று. இரண்டும் 1943-இன் முற்பாதியில் முடிந்தன. இரும்புச் சட்டங்களை ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார்கள். வெடிமருந்தோடு நீந்திப் போன வீரர்கள் யாரும் கிடையாது. நேச நாட்டு விமானங்கள் 1944 இறுதியிலிருந்து திரும்பத் திரும்பக் குண்டுபோட்டு 1945-இல் உடைத்தன. பக்கத்து முகாமில் இருந்த கைதிகளும் அந்தக் குண்டுகளுக்குப் பலியானார்கள். போருக்குப் பின் ஜப்பானே செப்பனிட்டுக் கொடுத்தது. வளைந்த சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் வளைவில்லாமல் வேறு மாதிரி தெரிவது அதனால்தான்.

மரண ரயிலில் தமிழர்கள் ஏராளமாகச் செத்தார்கள் என்கிறார்கள். படத்தில் ஒரு தமிழர் கூட இல்லையே?

இல்லை. எனக்கு இந்தப் படத்தோடு இருக்கும் தீராத வழக்கு இதுதான்.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். இது உலகுக்குத் தெரியும். அவர்களைவிட மூன்று மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். குறைந்தது 1,80,000 பேர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. பால்மரம் வெட்ட வேலையில்லை, லயத்தில் அரிசியில்லை. அந்த நேரத்தில் “சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி” என்றார்கள். கொஞ்சம் பேர் நம்பிப் போனார்கள். கூலியாகத் தந்தது வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு, போர் முடிந்ததும் வெறும் காகிதம். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வைத்தார்கள்.

பிழைத்து வந்தவர்கள் சொன்ன ஒரு சம்பவம் இந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இலவச சினிமா என்று அறிவிப்பார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கும் ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவர்களைப் பிடிக்க சினிமா பயன்பட்டது. அவர்களைக் காட்டத்தான் பயன்படவில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தாமர்கான் பாலத்தைக் கட்டிய கூட்டத்தில் போர்க் கைதிகளே பெரும்பாலோர். ஆசியத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டது 1943-இல் வேலையை அவசரப்படுத்தியபோது, பாதையின் உட்பகுதிகளுக்கு. ஆகவே ‘ஒரு பாலத்தின் கதை’ என்று எடுத்துக்கொண்டால் படத்தைக் குற்றம் சொல்வது கடினம். ஆனால் படத்தில் முகாமுக்கு வெளியே காடும், சுமை தூக்கும் சில அழகிய பெண்களும் தவிர மனித வாடையே இல்லை. இதை எழுதியவர் எங்கோ பாரிஸில் பிறந்து வளர்ந்து அங்கேயே இருந்தவரானால் தெரியாமல் விட்டார் எனலாம். பூல் மலாயாத் தோட்டத்திலிருந்து வந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்ற ஆட்களைப் பார்த்திருப்பார். அந்தத் தோட்டக் காட்டு ஆட்கள்தான் சில வருடம் கழித்து அவருடைய கதை நடக்கும் அதே காட்டில் விழுந்து கிடந்தார்கள்.

கைதிகளைவிடத் தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு அதிகமாக இறந்தார்கள்?

கைதிகளுக்கு ஒரு படையின் அமைப்பு இருந்தது. தளபதிகள் இருந்தார்கள், கூடவே பிடிபட்ட டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கக்கூஸை ஆழமாக வெட்டு, தட்டைக் கொதிநீரில் முக்கு என்று கட்டளையிடவும் அதை நிறைவேற்றவும் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த கூட்டத்துக்கு இது எதுவும் இல்லை. டாக்டர் இல்லை, தலைவர் இல்லை, காவலனின் மொழி தெரியாது. குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு.

1943 மே, ஜூன் மாதங்களில் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. வரிசை வரிசையாகக் கூலிக் கொட்டகைகள் காலியாயின. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் ஆறாத புண் இவையெல்லாம் ஏற்கெனவே இருந்தன. பிறகு கைதிகளில் இருந்த மருத்துவர்களையே ‘கே படை’, ‘எல் படை’ என்று பிரித்துக் கூலி முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். மருந்தில்லாமல் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

“ஒரு சிலிப்பர் கட்டைக்கு (தண்டவாளத்தின் அடியில் குறுக்கே போடும் கட்டை) ஓர் உயிர்” என்று மலேசியாவில் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது மிகை. ஒரு லட்சம் சாவை 415 கிலோமீட்டருக்குப் பிரித்தால் சுமார் நாலு மீட்டருக்கு ஒருவர். மிகையை நீக்கிய பிறகும் எண் அவ்வளவாகச் சிறுக்கவில்லை.

படத்தை எடுத்தது தாய்லாந்திலா?

இலங்கையில். ஹட்டன் போகும் வழியில் இருக்கும் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். மருத்துவமனைக் காட்சிகள் கல்கிசை மவுண்ட் லவினியா ஹோட்டலில் எடுத்தவை. பேராதனைப் பூங்காவும் வருகிறது. அதில் ஒரு பொருத்தம் உண்டு: போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவின் நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை அங்கேதான் வைத்திருந்தார்.

சிங்களத் திரையுலகின் பெரிய நட்சத்திரமான காமினி பொன்சேகா இந்தப் படத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். இயக்குநர் சந்திரன் ரத்னமும் பையனாக இருந்தபோது இந்தப் படப்பிடிப்பைப் பார்த்துத்தான் சினிமா ஆசை பிடித்தவர்.

பாலத்தை உண்மையாகவே வெடித்தார்களா? மினியேச்சரா?

நிஜம்தான். 425 அடி நீளம், 90 அடி உயரத்துக்கு மரத்தில் கட்டிய முழுப் பாலம். அதன் மேல் ஓடிய ரயிலும் நிஜம். இலங்கை ரயில்வேயிடம் பழையதாக வாங்கியது.

வெடித்த கதை படத்தைவிடப் பதைபதைப்பானது. 1957 மார்ச்சில் ஒரு நாள் எல்லாம் தயார். அன்றைய பிரதமர் பண்டாரநாயக்க உட்படப் பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கேமராவை ஓடவிட்டுப் பத்திரமான இடத்துக்குப் போனதும் ஒவ்வொரு கேமராக்காரரும் ஒரு விசையைத் தட்ட வேண்டும், லீன் பக்கத்தில் விளக்கு எரியும். ரயில் கிளம்பிவிட்டது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த ஆள் வெடிக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறாரோ என்று பயந்து லீன் வெடிக்கவிடாமல் நிறுத்திவிட்டார். ஓட்டுநரில்லாத ரயில் அப்பாவியாகப் பாலத்தைக் கடந்து அக்கரையில் தடம்புரண்டு, நின்றிருந்த ஜெனரேட்டர் மேல் போய் மோதியது. கேமராக்காரர் நலமாகத்தான் இருந்தார், விசையைத் தட்ட மறந்திருந்தார். ரயிலை இழுத்து நிமிர்த்தி மறுபடி கொண்டுவந்து அடுத்த முயற்சியில் வெடித்தார்கள். திரையில் நாம் பார்ப்பது அது.

அந்த விசில் மெட்டு படத்துக்காகப் போட்டதா?

இல்லை, 1914-இல் பிரிட்டிஷ் ராணுவ பேண்ட் மாஸ்டர் ரிக்கெட்ஸ் எழுதிய ‘கர்னல் போகி’ அணிவகுப்பு இசை. போர்க்காலத்தில் சிப்பாய்கள் அந்த மெட்டுக்கு ஹிட்லரின் ஆண்மையைக் கேலிசெய்யும் பச்சையான வரிகளைக் கட்டிப் பாடினார்கள். அதைத் திரையில் பாட முடியாது. விசிலாக வைத்தால் தணிக்கைக்காரருக்கு ஒன்றும் இல்லை, ஆங்கிலேய ரசிகருக்கு எல்லாம் புரியும். அதன் மேல் பேண்ட் வாத்தியமாக ஏறி வரும் இன்னொரு மெட்டுதான் மால்கம் ஆர்னால்ட் புதிதாகப் போட்டது.

திரைக்கதைக்கான ஆஸ்காரில் ஏதோ மோசடி என்கிறார்களே?

படம் ஏழு ஆஸ்கார் வாங்கியது: சிறந்த படம், இயக்கம், நடிகர் (நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸ்), ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, தழுவல் திரைக்கதை. கடைசி விருது பியர் பூலுக்குப் போனது. அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரே அல்ல. விழாவுக்கும் வரவில்லை, நடிகை கிம் நோவாக் வாங்கிக்கொண்டார்.

எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற பெயரில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். இவர்கள் பெயர் திரையில் வந்தால் படமே வெளிவராது. அதனால் நாவலாசிரியரின் பெயரைப் போட்டுச் சமாளித்தார்கள். அகாதமி தவறைத் திருத்தி இருவருக்கும் விருதை அறிவித்தபோது 1984 ஆகிவிட்டது. வில்சன் 1978-லேயே இறந்திருந்தார். ஃபோர்மனும் அந்த 1984-லேயே போய்விட்டார். இப்போதைய பிரதிகளில் இருவர் பெயரும் இருக்கும்.

கடைசியில் நிக்கல்சன் வேண்டுமென்றேதான் விசையின் மேல் விழுந்தாரா?

இதில் நண்பர்களுக்குள் கைகலப்பே வரும். இரவில் ஆற்று நீர் வற்றி, வெடிமருந்துக்குப் போகும் கம்பி வெளியே தெரிந்துவிடுகிறது. நிக்கல்சனே அதைக் கண்டுபிடித்து, சைட்டோவையும் கூட்டிக்கொண்டு கம்பியைப் பின்பற்றிப் போகிறார். பாலத்தைக் காப்பாற்றச் சொந்த நாட்டுப் படையையே காட்டிக்கொடுக்கிறார். சுடப்பட்டு விழும் ஹோல்டனின் முகத்தைப் பார்த்ததும்தான் உறைக்கிறது. “நான் என்ன செய்துவிட்டேன்?” என்கிறார். பீரங்கிக் குண்டு பக்கத்தில் வெடிக்க, தள்ளாடித் தள்ளாடி நடந்து, விசையின் மேல் சரிகிறார். பாலம் போகிறது.

என் கட்சி: கால் விசையை நோக்கித்தான் போகிறது, ஆனால் விழும்போது கண்ணில் உயிரில்லை. போகவேண்டும் என்று நினைத்தார், அழுத்தும்வரை உயிர் நிற்கவில்லை, உடல் வேலையை முடித்தது. லீன் தெளிவாகக் காட்டியிருக்க முடியும். காட்டாமல் விட்டதுதான் கெட்டிக்காரத்தனம். நாவலில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, அங்கே பாலம் தகர்வதே இல்லை. ரயில் மட்டும் தடம்புரளும், பாலம் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கும்.

இதே மாதிரி வேறு படங்கள்?

ஜெர்மானிய முகாமுக்கு ‘ஸ்டாலாக் 17’ (1953), ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963). எல்லாவற்றுக்கும் தாத்தா ழான் ரெனுவாரின் ‘லா கிராந்த் இல்யூஷன்’ (1937). இந்தப் படத்துக்கு ஒரு ஜப்பானியரின் பதில் மாதிரி வேண்டுமானால் ஓஷிமாவின் ‘மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ (1983). தமிழில் படம் இல்லை, நாவல் உண்டு. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இரண்டையும் தேடிப் படியுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

கித்துல்கலையில் பாலம் இல்லை. ஆற்றோரப் பாறைகளுக்கிடையே கான்கிரீட் அடித்தளம் மட்டும் மிச்சம். அந்த வழியாக இப்போது ரப்பர் படகில் கத்திக்கொண்டே போகிறார்கள்.

காஞ்சனபுரியில் நிஜப் பாலத்தின் மேல் நடக்கலாம். தோன்புரியிலிருந்து நாம்தொக் வரை பழைய பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. பாறையை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் ஊர்ந்து போகும் இடம் வந்தால் சன்னல் பக்கம் உட்காருங்கள். ஊருக்குள் போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் கைதிகளின் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்து. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு மயானம் இல்லை. வாட் தாவோர்ன் என்ற புத்த விகாரையில் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த நினைவிடம் இருக்கிறது. 2023-இல் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டார்கள். வழிகாட்டிகள் தாமாக அழைத்துப் போவது அபூர்வம், நீங்கள்தான் கேட்டுப் போக வேண்டும்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவை மலாயாவிலிருந்து சயாமுக்குப் பிடித்துப் போனதாகச் சொல்வார்கள். பெயரைத் தேட முடியுமா?

போர்க் கைதி என்றால் பெயர், படைப்பிரிவு, கல்லறை எண் வரை கிடைக்கும். தொழிலாளர்களுக்கு அப்படி முழுமையான பட்டியல் இல்லை. ஆகவே வீட்டிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், ஆள் பிடித்தது கங்காணியா கிராணியா (தோட்டத்து எழுத்தர்), கூடப் போனவர் யார், திரும்பி வந்து சாவுச் செய்தி சொன்னவர் யார் என்று இந்த ஐந்தையும் உங்கள் வீட்டில் மூத்தவரிடம் கேட்டுக் குரலோடு பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்க் கூலிகள் வழங்கிய பெயர் முக்கியம், அதே தோட்டத்து வேறொரு குடும்பம் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடிக்கொண்டிருக்கும்.